கதவுக்காரி வென்ற கோப்பை

கைசா ஹார்யு டாமராக் கல்லூரியில் நான்கு வருஷம் படித்தது உயிரியல். தேர்ச்சி பெற்றது கதவு திறப்பதில். ஐஸ் ஹாக்கி அணியில் இரண்டாவது கோல்கீப்பருக்கு அதுதான் உத்தியோகம். முதலாமவள் வலைக்கு முன்னால் நின்று பெயர் வாங்குவாள். இரண்டாமவள் பெஞ்சின் கோடியில் தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் நிற்பாள். பனியில் ஓடிக் களைத்து ஒருத்தி வந்தால் கதவைத் திறக்க வேண்டும். அவள் உள்ளே வந்து விழுந்ததும் சாத்த வேண்டும். சாத்த மறந்தால் கோச் கத்துவார், அவசரப்பட்டுச் சாத்தினால் வந்தவளின் முழங்கால் கத்தும். இந்த வேலைக்குக் காலில் மெத்தை மெத்தையாகப் பேடு, மார்பில் கவசம், தலையில் முகக்கவசம் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு தயாராக இருக்க வேண்டும். கல்யாணப் பெண் மாதிரி ஜோடித்துக்கொண்டு வந்து வாசலில் செருப்புக்குக் காவல் நிற்கிற பிழைப்பு.

அவள் ஊர் ஹெக்லா. மின்னசோட்டாவின் வடக்கே இரும்புச் சுரங்கங்கள் வரிசையாக வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிற பக்கம். ஊரில் ஒரு சுரங்கம், இரண்டு தேவாலயம், நாலு பார், ஒரு ரிங்க். இதில் எதை மூடினாலும் எங்கள் ஜனங்கள் முனகிவிட்டுப் பொறுத்துக்கொள்வார்கள். பனி ஆட்டம் ஆடுகிற ரிங்க்கை மூடினால் துப்பாக்கியைத் தூக்குவார்கள். குழந்தை பிறந்தால் ஆணா பெண்ணா என்று கேட்பதற்கு முன்பே மட்டையை எந்தக் கையில் பிடிக்கும் என்று யோசிக்கிற கூட்டம் இது. அப்படிப்பட்ட ஊரில் ஒருத்தி கல்லூரி அணிக்குப் போய்க் கதவு திறக்கிறாள் என்றால் சும்மா விடுவார்களா?

அவள் அப்பா ரெய்னோ ஹார்யு சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறவர். சக்கரமே வீட்டுக் கூரை உயரத்துக்கு நிற்கும் லாரி. மனைவி துலூத் நகரில் வேறொருவரைக் கட்டிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறாள், அந்தப் பேச்சு இங்கே வேண்டாம். ரெய்னோ ஜென்மத்தில் யாரையும் பாராட்டியதில்லை. அவர் அகராதியில் உச்சபட்சப் புகழ்ச்சி 'மோசமில்ல' என்பதுதான். அதையும் மகளுக்கு இதுவரை கொடுத்ததில்லை. ஆனால் குளிர்காலம் முழுக்க ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வேலை முடிந்த கையோடு காரை எடுத்துக்கொண்டு மூன்று மணி நேரம் பனிச்சாலையில் ஓட்டிப் போவார். மகள் கதவு திறப்பதைப் பார்த்துவிட்டு மூன்று மணி நேரம் ஓட்டித் திரும்பி வருவார். மறுநாள் டார்லாவின் பாரில் ஸ்டான் வுகெலிச் காத்திருப்பான்.

"என்ன ரெய்னோ, நேத்து கதவு எப்படி? நல்லா திறந்துச்சா?"

"திறந்துச்சு."

"கீலுக்கு எண்ணெய் கிண்ணெய் போட்டாளா உன் பொண்ணு? குளிருக்கு இறுகிக்கும்பா. எங்க வீட்டுல ஒரு கதவு இழுத்துக்கிட்டு நிக்குது, லீவுல வந்தா கொஞ்சம் அனுப்பி வை."

ரெய்னோ பீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஸ்டானின் மகனைப் பள்ளி அணியிலேயே எடுக்கவில்லை, அவன் பனியில் நிற்கவே நாற்காலியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதைச் சொல்லி வாயை அடைத்திருக்கலாம். ரெய்னோ சொல்ல மாட்டார். சொன்னால் தனக்கு வலிக்கிறது என்று தெரிந்துவிடுமாம்.

ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறையில் இந்தப் பேச்சைக் கைசா தன் காதாலேயே கேட்டாள். வாசலில் பூட்ஸிலிருந்து பனியைத் தட்டிக்கொண்டிருந்தவள் உள்ளே போகாமல் அப்படியே திரும்பி நடந்துவிட்டாள். அன்றைக்கு அவளுக்குள் ஒரு வெறி உட்கார்ந்தது. கோப்பை வேண்டாம், பத்திரிகையில் படம் வேண்டாம். கணக்கில் சேருகிற ஒரே ஓர் ஆட்டத்தில் அப்பா பார்த்துக்கொண்டிருக்க ஒரே ஒரு வட்டைத் தடுக்க வேண்டும். அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு ஒருமுறை தன் காலில் பட்டுத் திரும்பினால் போதும், அப்பா பாரில் தலை நிமிர்ந்து உட்காருவார்.

அவள் ஆடத் தெரியாதவள் அல்ல. ஹெக்லா பள்ளி அணியில் இடது பக்கம் அவளைத் தாண்டி ஒருத்தியும் கோல் போட்டதில்லை. வலது பக்கம் கொஞ்சம் முன்னே பின்னே. கோச் ப்ராட்லண்ட் அவளைத் தேடி வீட்டுக்கே வந்தார். அடுப்பிலிருந்து இறக்கிய பொர்கெட்டா பன்றிக்கறியை இரண்டு தட்டு வளைத்துக் கட்டிவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு, "மிஸ்டர் ஹார்யு, எங்க வலை இனிமே உங்க பொண்ணோடதுதான்" என்றார். சாப்பிட்ட கறி செரிப்பதற்குள் அவருக்கு அது மறந்துவிட்டது. முதல் இரண்டு வருஷம் வலையில் வேறொரு மூத்தவள். மூன்றாம் வருஷம் மினியாபொலிஸ் புறநகரிலிருந்து பெய்ஸ்லி வந்து இறங்கினாள்.

பெய்ஸ்லியின் அப்பா பல் சீரமைக்கிற டாக்டர். ஏழு வயதிலிருந்தே அவளுக்குக் கோடையில் தனி கோச், தனி ரிங்க், கண்ணுக்குத் தனிப் பயிற்சி. சிரித்தால் பற்கள் எல்லாம் வரிசையில் நின்று வணக்கம் சொல்லும். குறை சொல்ல இடம் கொடுக்காமல் நன்றாக ஆடினாள், எரிச்சலே அதில்தான். மோசமாக ஆடியிருந்தால் கைசா பாட்டுக்கு நிம்மதியாகத் திட்டித் தீர்த்திருப்பாள்.

நான்காம் வருஷம், அதுதான் சாம்பியன் ஆன வருஷம், அக்டோபரில் முதல் ஆட்டத்தில் டாமராக் தோற்றது. "அடுத்த வாரம் நீதான்" என்றார் கோச். மறுநாளே அதே அணியோடு இரண்டாவது ஆட்டம், பெய்ஸ்லி ஜெயித்துக் கொடுத்தாள். "ஜெயிச்சுட்டோமே, இப்ப மாத்த வேணாம், அடுத்த தடவை" என்றார். அடுத்த தடவையும் ஜெயித்தார்கள். அதற்கடுத்த தடவையும். பிறகு தோற்கவே இல்லை.

ஹாக்கிக்காரர்களைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். ஜெயித்துக்கொண்டிருக்கும் வரையில் அவர்கள் எதையும் மாற்ற மாட்டார்கள். ஒரு மயிரிழையைக்கூட. கோச் மீன் படம் போட்ட பச்சை டையை அக்டோபரிலிருந்து துவைக்கவில்லை. அணித்தலைவி பிர்கிட் கால் சாக்ஸைத் துவைக்கவில்லை, அவளோடு பஸ்ஸில் உட்கார்ந்து வருவது தவம். இன்னொருத்தி ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்பு டப்பாவிலிருந்து ஸ்பகெட்டியைச் சூடு பண்ணாமல் அப்படியே தின்றாள், ஏனென்றால் ஜெயித்த முதல் நாளன்று மைக்ரோவேவ் கெட்டுப்போயிருந்தது. படித்த பெண்கள். இரண்டு பேர் இயற்பியல் பட்டம் வாங்கப் போகிறவர்கள்.

உடை மாற்றும் அறை விஷயத்தில்தான் இந்தக் கூத்து உச்சத்துக்குப் போனது. ஆண்கள் அணி அந்த வருஷம் மூன்றே மூன்று ஆட்டம் ஜெயித்திருந்தது, அவர்களுக்கு வெந்நீர் கொட்டும் புது அறை. பெண்கள் அணிக்கு, ஸ்கேட்டிங் நடனம் பழகும் சின்னக் குழந்தைகளின் அறை. கோட்டு மாட்டுகிற கொக்கியெல்லாம் இடுப்பு உயரம். சுவரில் ரோஸ் காகிதத்தில் வெட்டி ஒட்டிய பனிப்பூக்கள். கிறிஸ்துமஸுக்குள் வெற்றி மேல் வெற்றி குவிந்து பத்திரிகையில் பெயர் வந்ததும் கல்லூரிக்கு வெட்கம் வந்தது. உங்களுக்கும் நல்ல அறை தருகிறோம் என்றார்கள். ப்ராட்லண்ட் வேண்டாம் என்றுவிட்டார்.

"ஜெயிக்கிற ரூமை மாத்தக் கூடாது" என்றார். பெண்களும் தலையாட்டினார்கள். வருஷக் கணக்காகக் கேட்டுக் கேட்டுக் கிடைக்காதது கிடைத்தபோது, ரோஸ் காகிதப் பூவுக்காக அதைத் திருப்பி அனுப்பினார்கள்.

மாற்றக் கூடாதவற்றில் கைசாவும் ஒன்று. ஜனவரியில் அவளுக்கு ஒருமுறை காய்ச்சல் வந்தது. முதல் வருஷப் பெண் ஒருத்தி கதவைப் பார்த்துக்கொண்டாள், அன்றைய ஆட்டம் கூடுதல் நேரம் வரைக்கும் இழுத்துத் தப்பித்தது. மறுநாள் கோச் சூப்பைத் தூக்கிக்கொண்டு அவள் அறைக்கே வந்துவிட்டார்.

"நீ கதவுல இல்லன்னா எனக்குக் கை நடுங்குது கைசா."

"வலையில நின்னா நடுங்காதா கோச்?"

"அதைப் பத்தி அப்புறம் பேசுவோம். நீ சூப்பைக் குடி. நீ நம்ம குடும்பம்மா."

"குடும்பத்துல எனக்கு என்ன முறை? வாட்ச்மேனா?"

ப்ராட்லண்ட் சிரித்தார். தன்னைக் கிண்டல் செய்கிறார்கள் என்று தெரியாதவர்கள் சிரிக்கிற சிரிப்பு. கைசா சூப்பைக் குடித்தாள். அதில் உப்பில்லை.

இனி எந்த வழியும் இல்லாவிட்டாலும் ஒரு வழி மிச்சமிருந்தது. சொந்த ரிங்க்கில் கடைசி ஆட்டத்தன்று நான்காம் வருஷக்காரிகளைத்தான் முதலில் இறக்குவார்கள். எந்தக் கல்லூரியிலும் அது மரபு, கல்நெஞ்சக்காரக் கோச்கூட அதை மீற மாட்டான். கைசா அப்பாவுக்குப் போன் போட்டு, "இந்த வெள்ளிக்கிழமை சீக்கிரம் வாங்கப்பா" என்று மட்டும் சொன்னாள். ரெய்னோ புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அவர் புதுச் சட்டை போட்டு ஊர் பார்த்து வருஷங்கள் ஆகின்றன.

ஆட்டத்துக்கு முன்னால் கோச் அவளை ஓரமாக அழைத்துப் போனார்.

"கைசா, மத்த மூணு பேரையும் இறக்குறேன். வலையில மட்டும் பெய்ஸ்லியே இருக்கட்டும். இந்த நேரத்துல போய் எதையாவது மாத்திட்டோம்னா... உனக்கே புரியும்."

"மரபுன்னு ஒண்ணு இருக்குல்ல கோச்."

"இருக்கு. அதான் பயிற்சி நேரத்துல உன்னையே வலையில நிக்க வைக்கிறேன். முழு நேரமும். போட்டோ எடுக்கச் சொல்லியிருக்கேன்."

ஆட்டத்துக்கு முந்திய பயிற்சியில் சொந்த அணிக்காரிகள் நோகாமல் அடித்த வட்டுகளை அவள் தடுத்தாள். பார்வையாளர்கள் அப்போதுதான் பாப்கார்ன் வாங்கிக்கொண்டு இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். காலியான வரிசைகளுக்கு நடுவே ஒரே ஓர் ஆள் எழுந்து நின்று கை தட்டினார், புதுச் சட்டை போட்டிருந்த ஆள். பயிற்சிக்குக் கை தட்டுகிற ஆளை அந்த ரிங்க்கில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்ததைக் கைசா முகக்கவசக் கம்பி வழியாகப் பார்த்தாள். கோச்சைக் கொன்று போடலாம் போல இருந்தது. பிறகு நான்காம் வருஷக்காரிகளுக்கு அன்றைக்குக் கொடுக்கிற பூங்கொத்தை வாங்கிக்கொண்டு கதவுக்குப் போனாள்.

அன்றிலிருந்து அவள் மனம் கெட்டுப்போனது. அணி தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ள ஆரம்பித்தாள். ஒரு தோல்வி வந்தால் போதும், பெய்ஸ்லியை மாற்றித்தானே ஆக வேண்டும்? ஒவ்வொரு வெற்றிக்கும் எல்லோரும் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து கட்டிக்கொள்ளும்போது அவளும் போய் விழுந்தாள். உள்ளே மட்டும் எரிந்தது. கோப்பை நெருங்க நெருங்க அவளுடைய ஒரு வட்டு தூரமாகப் போய்க்கொண்டிருந்தது. கால் இறுதியில் எதிரணிக்காரி அடித்த வட்டு வலைக் கம்பத்தில் பட்டுத் தெறித்தபோது அவள் வாயிலிருந்து வந்த சத்தம் நிம்மதியா ஏமாற்றமா என்று பக்கத்தில் இருந்தவளுக்கு நல்லவேளையாகத் தெரியவில்லை.

ஒருநாள் பஸ்ஸில் பெய்ஸ்லி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உனக்கு என்மேல கோவமா கைசா?"

"உன்மேல என்ன கோவம். நீ நல்லா ஆடித் தொலைக்கிற. அதான் தொல்லை."

"நான் வேணா கோச்கிட்ட சொல்லட்டா? ஒரு பத்து நிமிஷமாவது உன்னை இறக்கச் சொல்லி?"

"சொல்லு பாப்போம்."

சொல்லவில்லை. எங்கள் மாநிலத்தில் பாதிப் பேர் இப்படித்தான். உதவட்டுமா என்று கேட்டு முடித்ததோடு உதவி முடிந்துவிட்டது, மனசு லேசாகிவிட்டது, தூக்கமும் நன்றாக வரும். பெய்ஸ்லி மீதிப் பயணம் முழுக்கக் குறட்டை விட்டாள்.

இறுதிப் போட்டி மார்ச்சில், கிழக்கே நியூயார்க் மாநிலத்தின் வடகோடியில் ஒரு கல்லூரியில். ரெய்னோ பிறந்த பிறகு முதல் தடவையாகச் சேர்ந்தாற்போல் நாலு நாள் லீவு போட்டு, காரிலேயே வந்து சேர்ந்தார். கல்லூரித் தலைவர் வின்ஸ்லோ விமானத்தில் வந்தார். அவர் பெண்கள் ஆட்டத்தைப் பார்க்க வருவது அதுதான் முதல் தடவை. கழுத்தில் அணியின் மப்ளரைச் சுற்றிக்கொண்டு இரண்டாவது இடைவேளையில் பக்கத்தில் இருந்தவரிடம், "இன்னும் எத்தனை பாதி இருக்கு?" என்று கேட்டார். ஹாக்கி மூன்று பாகம் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஊரில் டார்லாவின் பாரில் கம்ப்யூட்டரை டிவியோடு இணைத்து மொத்த ஹெக்லாவும் உட்கார்ந்திருந்தது. டாமராக்கை அவர்களுக்குப் பிடிக்காது, ஆனால் தங்கள் ஊர்க் கதவு அதில் இருந்ததே.

மூன்றாவது பாகத்தின் நடுவில் இரண்டுக்கு இரண்டு என்று நின்றது. எதிரணிக்காரி ஒருத்தி வழுக்கிக்கொண்டு வந்து பெய்ஸ்லி மேல் மோத, பெய்ஸ்லியின் கால் கம்பத்தில் இடித்து, ஸ்கேட்டின் இரும்புத் தகடு கழன்று பனியில் ஓடியது. அடிபடவில்லை, ஆனால் தகடு இல்லாமல் பனியில் நிற்க முடியாது. அவளைத் தாங்கிப் பிடித்து உள்ளே கொண்டுபோனார்கள். நடுவர் காத்திருக்க மாட்டேன் என்றார். ப்ராட்லண்ட் மெதுவாகக் கதவுப் பக்கம் திரும்பினார்.

"கைசா, போ. ஒரு நிமிஷம்தான், தகடு மாட்டுற வரைக்கும். நீயா எதுவும் செய்யாத. சும்மா நில்லு."

நான்கு வருஷம் காத்திருந்ததற்கு அவளுக்குக் கிடைத்த ஆசீர்வாதம் அது. அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபத்துக்கு நேரமில்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள், வலைக்குப் போனாள், மட்டையால் இரண்டு கம்பத்தையும் தட்டினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வலைக்கு நேர் பின்னால், அப்பா எழுந்து நின்றிருந்தார். கை தட்டவில்லை. தலையை ஒருமுறை ஆட்டினார். அவள் குனிந்து தயாரானாள். வாங்கடி, ஒருத்தியாவது வாங்கடி என்று முகக்கவசத்துக்குள் முணுமுணுத்தாள்.

வட்டு எதிர்க்கோடியிலேயே கிடந்தது. டாமராக் பெண்கள் அதை விடவில்லை, அந்தப் பக்கமே உருட்டிக்கொண்டிருந்தார்கள். நல்ல ஆட்டம்தான். கைசாவுக்கு அவர்களை ஒவ்வொருத்தியாகப் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது. அப்போது எதிரணிக்காரி ஒருத்தி வட்டைப் பறித்துக்கொண்டு கிளம்பினாள். தனியாக. நடுக்கோட்டைத் தாண்டினாள். கைசா இரண்டடி முன்னால் வந்தாள். இதுதான், இதற்குத்தான். வந்தவள் மட்டையை ஓங்கும்போது பின்னாலிருந்து துரத்தி வந்த பிர்கிட், நாற்றமெடுத்த சாக்ஸோடு, வட்டை லாவகமாகக் கொத்தி எடுத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள். அரங்கமே பிர்கிட்டுக்குக் கை தட்டியது. அவளைச் சபித்தவள் அவளுடைய கோல்கீப்பர் ஒருத்திதான்.

பறிகொடுத்தவள் ஆத்திரத்தில் பிர்கிட்டின் காலை மட்டையால் வாரிவிட்டாள். நடுவர் கையைத் தூக்கினார். தவறு எதிரணியுடையது, ஆனால் அவர்கள் வட்டைத் தொடுகிற வரைக்கும் ஆட்டம் ஓடும். தொட்ட கணமே நின்றுவிடும் என்பதால் அதுவரை நம் வலைக்கு ஆபத்தில்லை. ஆகவே கோல்கீப்பர் வலையை விட்டுவிட்டுப் பெஞ்சுக்கு ஓடி வர வேண்டும், அவளுக்குப் பதிலாக இன்னொருத்தி தாக்கப் போவாள். பெஞ்ச் மொத்தமும் எழுந்து நின்று வா வா என்று கூவியது. ப்ராட்லண்ட் மீன் டை பறக்கக் கையை வீசினார். கைசா ஒருமுறை திரும்பி அப்பாவைப் பார்த்தாள். வலையை விட்டுப் போக மனம் வரவில்லை. கால் பழக்கதோஷத்தில் ஓடியது.

ஓடி வந்து பெஞ்சை எட்டினால் கதவு சாத்தியிருந்தது. பதிலுக்குப் போகிறவள் பெஞ்சுக்கு முன்னாலிருக்கும் தடுப்பைத் தாண்டிக் குதித்து எப்போதோ போய்விட்டாள். கதவில் யாரும் இல்லை. எப்படி இருப்பார்கள்? கதவுக்காரி வெளியே அல்லவா நிற்கிறாள்.

"கதவைத் திறங்கடி" என்று கத்தினாள். யார் காதிலும் விழவில்லை. எல்லார் கண்ணும் அவள் தலைக்கு மேலாக அந்தக் கோடியில் இருந்தது. அத்தனை பேடையும் கட்டிக்கொண்டு தடுப்பைத் தாண்டவும் முடியாது. அவள் மேலே சாய்ந்து, தலையணை கனமுள்ள கையுறையோடு, உள்பக்கத் தாழ்ப்பாளைத் துழாவினாள். எத்தனையோ ஆயிரம் தடவை திறந்த தாழ்ப்பாள், வெளியே நின்று தொட்டால் பிடிபடவில்லை. இழுத்தாள், குத்தினாள். அந்த நேரம் முதுகுக்குப் பின்னால் அரங்கம் அதிர்ந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு குதித்ததில் ஒருத்தியின் இடுப்பு பட்டுத் தாழ்ப்பாள் தானாகத் திறந்துகொண்டது. மூன்றுக்கு இரண்டு. கோல் எப்படி விழுந்தது, யார் போட்டது, எதையும் கைசா பார்க்கவில்லை.

புதுத் தகட்டோடு பெய்ஸ்லி வந்தாள். கைசா அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டாள். மிச்ச நேரம் பெய்ஸ்லி வெறி பிடித்தவள் மாதிரி ஆடினாள். வட்டு மழையாகப் பொழிந்தது, ஒன்றையும் விடவில்லை. டாமராக் சாம்பியன் ஆனது.

வென்ற கோல் விழும்போது கடைசியாக எந்தக் கோல்கீப்பர் வலையில் நின்றிருந்தாளோ, வெற்றி அவள் பெயரில். ஹாக்கியில் சட்டம் அப்படி. ஆட்டம் முழுக்க ஆடியவளா, ஒரு நிமிஷம் நின்றவளா என்று சட்டம் கேட்காது. ஒலிபெருக்கியில், "வெற்றி பெற்ற கோல்கீப்பர், கைசா ஹார்யு" என்று சொன்னபோது ஒரு நொடி யாரும் கை தட்டவில்லை. பெய்ஸ்லியின் அப்பா போனைத் தூக்கிக்கொண்டு நடுவர் மேஜைக்கு ஓடினார். பல்லுக்குக் கம்பி கட்டுவது போலச் சட்டத்துக்கும் கட்டி நேராக்கிவிடலாம் என்று நினைத்திருப்பார். பெய்ஸ்லி அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்று பத்திரிகையில் போட்டார்கள்.

வின்ஸ்லோ வந்து கைசாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இந்தக் கைதாம்மா இன்னிக்கு நம்ம கல்லூரி மானத்தைக் காப்பாத்துச்சு."

"ஆமா சார். தாழ்ப்பாள்லதான் இருந்துச்சு."

"அருமை, அருமை" என்றார் வின்ஸ்லோ. அடுத்த கையைத் தேடிப் போனார்.

ப்ராட்லண்ட் கண் கலங்கிக் கட்டிக்கொண்டார். "பாத்தியா, உனக்கும் ஒரு நாள் வரும்னு சொன்னேன்ல?"

"வந்துச்சு கோச். முதுகுப் பக்கமா வந்துட்டுப் போயிடுச்சு."

அவள் அணியின் பஸ்ஸில் திரும்பவில்லை. அப்பாவின் காரில் ஏறிக்கொண்டாள். ஒன்றரை நாள் பயணம். ரெய்னோ வழியெல்லாம் சாலையைப் பற்றிப் பேசினார், விஸ்கான்சின்காரர்களுக்கு வண்டி ஓட்டத் தெரியாததைப் பற்றிப் பேசினார், ஓர் உணவு விடுதியில் தந்த காப்பியைத் திட்டினார். ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எல்லாவற்றையும் பார்த்தவர் அவர். அவள் மெத்தை மூட்டை மாதிரி தடுப்பின் மேல் சாய்ந்துகொண்டு கதவோடு மல்லுக்கட்டியதையும் பார்த்தவர். கைசா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஸ்டான் கேட்பதற்கு முன்னால் தானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டே வந்தாள். 'என்ன நடந்துச்சா? கதவு திறக்கல, அதான் நடந்துச்சு.' தன்னைத் தானே முந்திக்கொண்டு கேலி செய்துவிட்டால் அடுத்தவன் வாயில் மண்.

டார்லாவின் பாருக்குள் அவர்கள் நுழைந்ததும் ஊரே எழுந்து நின்றது. கைசா திகைத்துப்போனாள். விஷயம் என்னவென்றால், பெய்ஸ்லி விழுந்த கணத்தில் டார்லாவின் டிவியில் படம் உறைந்துவிட்டது. திரை நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது, ஸ்டான் கம்ப்யூட்டரை இரண்டு தட்டு தட்டியிருக்கிறான். படம் திரும்பி வந்தபோது மூன்றுக்கு இரண்டு, வலையில் மறுபடி பெய்ஸ்லி. கடைசியில் ஒலிபெருக்கி கைசாவின் பெயரைச் சொன்னது. அந்த ஒரு நிமிஷத்தை ஹெக்லாவில் ஒரு ஜீவனும் பார்க்கவில்லை.

ஸ்டான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தான்.

"ரெய்னோ, சத்தியமா சொல்லு. அந்த ஒரு நிமிஷம் என்னதான்பா நடந்துச்சு? ஒண்ணும் செய்யாமலா அவ பேர்ல வெற்றி போட்டான்?"

கைசா வாயைத் திறந்தாள். ரெய்னோ கிளாஸை மேஜைமேல் வைத்தார்.

"ஒருத்தி தனியா வந்தா" என்றார். "நடுக்கோட்டைத் தாண்டிட்டா. கூட யாரும் இல்ல."

அது நிஜம்தான். கைசா அப்பாவைப் பார்த்தாள். அவர் யாரையும் பார்க்காமல் பீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்புறம்?"

"அடிச்சா. தாழ அடிச்சா. இவ காலை நீட்டினா. பட்டுத் திரும்பிடுச்சு. அதை எடுத்துக்கிட்டுப் போய்த்தான் நம்ம பசங்க கோல் போட்டாங்க."

ரெய்னோ ஹார்யு பொய் சொல்லி அந்த ஊர் கேட்டதில்லை. ஆனால் ஸ்டான் மடையன் அல்ல. அவன் ரெய்னோவை விட்டுவிட்டு மெதுவாகக் கைசாவின் பக்கம் திரும்பினான்.

"எந்தக் கால்?"

நான்கு வருஷமாக அவள் யாரையெல்லாம் காறித் துப்பினாளோ அத்தனை பேரும் அந்த மேஜையைச் சுற்றி வந்து நின்றதுபோல இருந்தது. மப்ளர் கட்டிய தலைவர், வாக்கு மறந்த கோச், உதவட்டுமா என்று கேட்டுவிட்டுத் தூங்கியவள். பொய்யர்கள் என்றால் அவளுக்கு அப்படி ஓர் இளக்காரம். தயார் செய்துவைத்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொன்னால் அவள் யோக்கியமானவள். அப்பா இனி எத்தனை சனிக்கிழமை இந்தப் பாரில் வந்து உட்காருவார் என்று நினைத்தாள்.

"இடது கால்" என்றாள். "பூட்ஸ் நுனியில பட்டுச்சு. இன்னும் வலிக்குது."

ஸ்டான் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தான். பிறகு டார்லாவைக் கூப்பிட்டு, "எல்லாருக்கும் ஒண்ணு ஊத்தும்மா, என் கணக்கு" என்றான். கதவைப் பற்றி அன்றைக்கு அவன் பேசவில்லை. அதற்குப் பிறகும் பேசவில்லை. கைசாவுக்குக் காது மடல் எரிந்தது. பீர் அமிர்தமாக இருந்தது, அதுவும் வெட்கமாக இருந்தது.

வெளியே வந்து காரில் ஏறியதும் ரெய்னோ சாவியைப் போட்டுவிட்டு, வண்டியைக் கிளப்பாமல், கண்ணாடியில் படிந்த பனியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நல்லவேளை இடதுன்னு சொன்ன" என்றார். "வலதுன்னு சொல்லியிருந்தா எவன் நம்புவான்? உன் வலது பக்கம் எப்பவுமே ஓட்டைதான்."